உப்பு ருசி கண்ட ஓடை

அண்டார்டிகா கதைன்னு சொன்ன உடனே எல்லாரும் மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு உக்காந்துட்டிய. எனக்குத் தெரியும். பெங்குவின் வரும்னு பாக்கிய. குட்டையா, கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் கோர்ட்டுக்கு லேட்டா போற மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வரும், நானும் அது மாதிரி நடந்து காட்டுவேன், நீங்க சிரிப்பிய, அப்படியே எந்திரிச்சுச் சாப்பிடப் போயிரலாம்னு நினைக்கிய. பெங்குவின் வராது. வெள்ளக் கரடியும் வராது, அது அந்தப் பக்கத்து ஆளே கிடையாது, அது வடக்க உள்ளது. கப்பலு பனியில மாட்டாது, ஒருத்தரும் ஒறைஞ்சு சாக மாட்டாவ, கடைசியில கல்யாணமாச்சும் உண்டான்னு கேட்டா அதும் இல்ல. வரப்போறது ஒரு ஓடை. ஓடையும், உப்பும், நாங்களும். ஓடை நல்ல ஓடை. உப்பும் நல்ல உப்பு. மிச்சத்தக் கேட்டுத் தெரிஞ்சுக்கிடுங்க, ஆனா சொல்லும்போது எம் மூஞ்சியப் பாக்காதிய. இந்தக் கதைய எங்க ஊர்க்காரன் எவன் சொன்னாலும் தரையப் பாத்துத்தான் சொல்லுவான்.

எங்க ஊரு கீழப்பாத்தி. தூத்துக்குடியில பஸ் ஏறி, ரெண்டு பக்கமும் உப்பளமா வந்து வந்து, வெள்ள வெயிலு கண்ணுல குத்தி, இதுக்கு மேல ரோடு இல்லன்னு டிரைவர் வண்டிய நிறுத்துற எடந்தான் எங்க பஸ் ஸ்டாப்பு. ஊருல எல்லாத்தையும் உப்பு அரிக்கும். செவத்த அரிக்கும், சைக்கிள அரிக்கும், கதவுக் கீலு, தையல் மிசினு, கால் கொலுசு வரைக்கும் அரிக்கும். பனிமய மாதா மேல உள்ள பக்தியில எங்க ஊர்ல பனிமேரின்னு ஒரு சத்தம் குடுத்தா தெருவுல பாதிப் பொம்பளைங்க திரும்பிப் பாப்பாவ, ஆனா பனிய கண்ணால பாத்த ஆளு ஊர்ல ஒருத்தர் கிடையாது. பியூலா போற வரைக்கும்.

பியூலா யாருன்னா, ராஜகனி அக்கா வளத்த பிள்ள. பெத்த தாய் சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டா, தாயோட தங்கச்சி ராஜகனிதான் தூக்கி வளத்தது. ராஜகனிக்கு கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்ல. ஊரு முடிஞ்சு உப்பளம் ஆரம்பிக்கிற எடத்துல, ரோட்டோரமா மொத அளம், அத குத்தகைக்கு எடுத்து, பாத்திய மிதிச்சு, தண்ணி கட்டி, பலகையால உப்பு வாரி, உள்ளங்கால் பூரா வெடிச்சு, அந்த வெடிப்புக்குள்ள உப்பு எறங்கி, அப்படியே அந்தப் பிள்ளையப் படிக்க வச்சா. பியூலா படிச்ச படிப்பு தண்ணி அளக்குற படிப்பு. ஆத்துல, ஓடையில ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணி போகுதுன்னு அளக்கணும். இத அளக்கவா படிக்கணும்னு நாங்க கேட்டோம். படிச்சா. கடைசியில அவள கவர்மெண்டுல அண்டார்டிகாவுக்கே அனுப்புனாவ. அங்க பனிமல உண்டு, கோடை காலத்துல மட்டும் வெயிலு லேசாத் தொட்டா அந்தப் பனி உருகி ஓடையா ஓடும், மத்த மாசமெல்லாம் ஓடைன்னு ஒண்ணு இருந்ததுக்கு அடையாளமே இருக்காது, அந்தக் கொஞ்ச நாளு ஓடுறத அளந்துட்டு வரணும், ஒலகம் எவ்வளவு சூடாவுதுன்னு அத வச்சுத்தான் சொல்ல முடியும், அதான் அவ வேல.

கெளம்பும்போது ராஜகனி அவ பெட்டியில ஊறுகாய், கருவாட்டுப் பொடி, இதோட ஒரு பை உப்பும் வச்சு விட்டா. தன் அளத்துல வெளைஞ்ச கல்லுப்பு. அங்க உப்பு இருக்காதான்னு பியூலா கேட்டதுக்கு, இருக்கும், ஆனா யாரு வெளைய வச்சதோன்னு சொன்னா.

அந்த உப்பு சமையலுக்குப் போவல. ஓடையில தண்ணி அளக்க ஒரு மொற உண்டு. இவ்வளவுன்னு நிறுத்த உப்ப மேல ஒரு எடத்துல சடார்னு கொட்டணும், கீழ தள்ளி ஒரு மிசினு வச்சு, தண்ணி எவ்வளவு கரிக்கிதுன்னு பாக்கணும். தண்ணி நெறைய போனா உப்பு அதுல காணாமப் போயிரும், கரிப்பு தெரியாது. தண்ணி கொறைய போனா நல்லாக் கரிக்கும். சாம்பாருல உப்பு தூக்கலா இருந்தா தண்ணி பத்தலன்னு எப்படிச் சொல்லுதியளோ அதே கணக்குதான், இதுக்கு ஒரு மிசினு, அவ்வளவுதான். அங்க அவிய கொண்டு போன உப்பு, ஒரு புது ஓடைய அளக்கப் போன அன்னைக்குத் தீந்து போச்சு. கப்பல் வர நாளாகும். பியூலா பெட்டியத் தொறந்து சித்தி குடுத்த பைய எடுத்து, சொக்கமான அந்த நீலத் தண்ணியில கீழப்பாத்தி உப்பக் கொட்டி அளந்தா. இது வரைக்கும் இந்தப் பூமியில ஒரு மனுச நாக்கையோ, ஒரு மாட்டு நாக்கையோ தொடாத தண்ணி. மொத மொத அது கண்ட ருசி ராஜகனி உப்பு.

பெறவு என்ன. பியூலா ஊருக்கு வந்தா. பஸ் ஸ்டாப்புல பிளக்ஸ் வச்சு, ரெண்டு மாலையோட நாங்க எல்லாரும் நிக்கோம். பஸ்ஸு வந்துச்சு. பியூலா இறங்குனா. பின்னாலேயே ஓடையும் இறங்குச்சு.

படியில தாவித் தாவி, ஒவ்வொரு படியா, புது ஊருக்கு வந்த பிள்ள மாதிரி கூச்சப்பட்டு இறங்குச்சு. கண்டக்டரு விசிலு வாயில இருக்க, இதுக்கு லக்கேஜ் போடணுமேன்னு மொனகுனாரு. டிரைவரு, ஓடைக்கு எந்த ரேட்டுல போடுவீரு, விடும்னு சொல்லி வண்டியத் திருப்பிட்டாரு. பஸ்ஸு போன பெறவும், அது நின்ன எடத்துல இருந்து ஓடை வந்துக்கிட்டே இருந்துச்சு. நிழற்குடைக்குக் கீழ சிமெண்டுத் தரையில இருந்து ஆரம்பிக்கும், அதுக்கு அந்தாண்ட காஞ்ச புழுதி, இந்தாண்ட ஓடை. கண்ணாடி மாதிரி தண்ணி, ஓரத்துல நீலம், கால வச்சா எலும்பு வரைக்கும் குளிரும். அது கடைத்தெரு வழியா, மாதா கோயில் முன்னால, அம்மன் கோயில் பின்னால, ஐஸ் பேக்டரியச் சுத்திக்கிட்டு, ஒவ்வொரு வாசலையும் எட்டிப் பாத்துக்கிட்டு, கடைசியில ராஜகனி வீட்டுப் படியில போய் மோதி நின்னுச்சு. ராஜகனி குனிஞ்சு ஒரு கையள்ளி வாயில விட்டுப் பாத்தா. எங்க எல்லாரையும் நிமிந்து பாத்து, "என் உப்பு இதுல இருக்கு. அதான் தேடிக்கிட்டு வந்திருக்கு"ன்னு சொன்னா. சரின்னு நாங்களும் மாலைய ஒண்ண பியூலாவுக்கும் ஒண்ண ஓடைக்கும் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டோம்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஓடை நின்னு போச்சு. காலையில வெயில் ஏற ஏற, சின்னப் பிள்ள ஒண்ணுக்குப் போன மாதிரி மெலிசா ஒரு கோடு வரும், உச்சி வெயில் சாய்ற நேரத்துல நல்லா இரைஞ்சு ஓடும், பொழுது எறங்குனா ஒடுங்கிரும். அங்கயும் அப்படித்தான் ஓடும்னு பியூலா சொன்னா. ராஜகனி தெனமும் காலையில வாசல்ல நின்னு, வந்துட்டியான்னு அதுகிட்ட கேட்டுட்டுத்தான் அளத்துக்குப் போவா.

ஊரு அதுக்குப் பழகுறதுக்கு அதிக நாளு ஆவல. மீன்காரப் பொம்பளைங்க கூடைய ஓடையில எறக்கி வச்சாவ, ஐஸ் கட்டிக்கு அலையுறது நின்னுச்சு. சோடாக்கடையில பாட்டிலு பூரா ஓடைக்குள்ள கழுத்து மட்டும் தெரிய நின்னுச்சு. ஆடு மொத நாளு மோந்து பாத்துட்டு தும்முச்சு, மறுநாள்ல இருந்து வேற தண்ணி குடிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுச்சு. மாதா கோயில் சாமியாரு அந்தத் தண்ணியத்தான் மந்திரிச்சுத் தெளிப்பேன்னு தெளிச்சாரு, பூசயில முன்வரிசையில நின்னவிய எல்லாம் ஆமென்னு பல்லக் கிட்டிக்கிட்டுச் சொன்னாவ. அம்மன் கோயில் பூசாரி விடுவாரா, அவரும் அதே தண்ணியில அபிஷேகம் பண்ணி, அம்மனுக்கு குளிரும்னு ஒரு சால்வை போத்துனாரு. அக்கினி நட்சத்திரத்துல நாங்க வெந்நி போட்டுக் குளிச்சோம். குரங்குக் குல்லா விக்கிற ஆளு தூத்துக்குடியில இருந்து எங்க ஊருக்குன்னே வந்தாரு. பொண்ணு பாக்க வந்தவிய, ஓடை உள்ள ஊருன்னு சொல்லி ரெண்டு பவுனக் கொறைச்சுக் கேட்டாவ. எங்க நடையே மாறிப் போச்சு. அடுத்த ஊர்க்காரன் வந்தா, என்னவே ஒங்க ஊர்ல இன்னும் வெயிலான்னு விசாரிப்போம்.

ஒரே ஒரு ஆளுக்குத்தான் வருத்தம் இருந்திருக்கணும், ஐஸ் பேக்டரி லிங்கத்துரை அண்ணாச்சிக்கு. ஆனா அவிய ஊர்ப் பெரிய மனுசன், வருத்தத்தக் காட்ட முடியாது. எதப் பேசுறதுக்கு முன்னாலயும் தொண்டையக் கனைப்பாவ. அந்தக் கனைப்பு, வண்டி சந்துல திரும்புற மாதிரி, முன்னப் போயி, பின்ன வந்து, முன்னப் போயி, ஒரு வழியா வெளிய வரும். வந்ததும், எல்லாம் மாதா கிருபைன்னு மட்டும் சொல்லுவாவ.

இப்படியே போயிருந்தா இது நல்ல கதை. ஆனா ஓடை வளந்துச்சு. அண்டார்டிகா வெயிலு ஒரு வெயிலா, சீக்காளி வெயிலு. அதுலயே ஓடுன தண்ணி எங்க ஊரு வெயிலப் பாத்தா என்ன ஆவும். கணுக்காலு அளவு வந்தது கெண்டக்காலுக்கு வந்துச்சு. கெண்டக்காலு முட்டாச்சு. ராஜகனி வாசலத் தாண்டி, ஊரு கடைசியில திரும்பி, உப்பளத்தப் பாத்து மூக்க நீட்டிக்கிட்டு நின்னுச்சு. மொத அளம் யாரோடது, ராஜகனியோடது. அந்த வருசம் பூரா வாருன உப்ப அவ விக்காம, அளத்து மேட்டுல ஒரே அம்பாரமாக் குமிச்சு, பனையோல வேய்ஞ்சு வச்சிருந்தா. மழை வந்து உப்பு வெல ஏறுற நேரத்துல அத வித்து, காலம் பூரா குத்தகைக்கு மிதிச்ச அந்த அளத்த தன் பேருக்கே எழுதி வாங்கணும்னு நெனப்பு. நல்ல தண்ணி உள்ள வந்தா பாத்தியும் போச்சு, அம்பாரமும் போச்சு. இவள நம்பி வந்த ஓடை இவளையே கரைச்சுட்டுப் போயிரும்.

சரி, அளத்துக்கு முன்னால ஒரு கரையப் போட்டு, ஓடையத் திருப்பிக் கடலுக்கு விட்டுருவோம்னு பேச்சாச்சு. எவ்வளவு ஒசரத்துக்குக் கரை, எவ்வளவு அகலத்துக்கு வாய்க்கா, அது உச்சி வெயில் சாயும்போது எவ்வளவு தண்ணி வருதுங்கிறதப் பொறுத்தது. அதச் சொல்லத்தான் ஊர்லயே ஒரு பிள்ள இருக்கே. அண்டார்டிகாவையே அளந்தவளுக்கு அம்மன் கோயில் தெரு எம்மாத்திரம்னு நாங்களே சொன்னோம். எங்க மண்ணு பொசபொசன்னு மணலு, தண்ணி ஓடும்போது குழியும், நின்னா மூடிக்கிடும், அதனால கோலு நட்டு ஆழம் பாக்க முடியாது, உப்பு மொறதான் சரிப்படும்னு பியூலா சொன்னா.

அவ அளந்தத நீங்க பாத்திருக்கணும். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸு, தலையில சித்தியோட தலப்பாத்துணி. உப்பு நிறுத்து, வாளியில கரைச்சு, மாதா கோயிலுக்கு முன்னால போயி நின்னு, வாட்ச்சப் பாத்துக்கிட்டே, உதட்டுல என்னமோ எண்ணிக்கிட்டே, ஒரே ஊத்தா ஊத்துவா. ஊத்திட்டுக் கீழப் பக்கம் ஓடிப்போயி மிசினு முன்னால அசையாம நிப்பா. நாங்க ரெண்டு கரையிலயும் நின்னு பாத்தோம். என்ன பாத்தோம்னு நினைக்கிய. அவ பாத்தது கணக்கு. நாங்க பாத்தது நேர்ச்சை.

கோயிலுக்கு உப்பு போடுறது நாங்க காலம் காலமாச் செய்றதுதான். ஒடம்புல பரு வந்தா, மரு வந்தா, கோயில் குளத்துல உப்பும் மிளகும் போடுவோம், உப்பு கரையக் கரைய அதுவும் கரைஞ்சு போவும். இப்பப் பாத்தா, பூமிக்கு அடிக்கோடியில கெடந்து வந்த தண்ணி, ரெண்டு சாமியும் ஏத்துக்கிட்ட தண்ணி, அதுல படிச்ச பிள்ள வாயில செபம் சொல்லிக்கிட்டே நேரம் பாத்து உப்பக் கொட்டுது. எது சொன்னாலும் கேக்குற நேரம் அதுதான்னு எங்களுக்குத் தோணிட்டு. ஒருத்தர் ஒருத்தர்கிட்டச் சொல்லல. நேர்ச்சைய வெளிய சொன்னா பலிக்காதுல்லா. பியூலா அளக்கப் போறான்னு தெரிஞ்சா, மேல வளைவுல, அவ கண்ணுக்குப் படாத எடத்துல, ஆளுக்கு ஒரு சாக்கு சொல்லிக்கிட்டு வந்து நிப்போம். ஒருத்தி துணி அலச வந்திருப்பா. ஒருத்தன் செருப்பக் கழுவுவான். அவ வாளியச் சாய்ச்ச உடனே எங்க கையும் சாயும்.

கழுத்து மரு கரையணும்னு ஒருத்தி போட்டா. மாமியா வாயி கரையணும்னு ஒருத்தி. அந்த மாமியாளும் அங்கனதான் நின்னா, மருமவ நெஞ்சழுத்தம் கரையணும்னு. பரிச்சையில பெயிலானது கரைய, காதலிச்சவ மொகம் மனசுல இருந்து கரைய, குடி கரைய, தொந்தி கரைய. லிங்கத்துரை அண்ணாச்சிக்கு சிறுநீரகத்துல கல்லு, கல்லுக்கு கல்லுப்புன்னு கணக்குப் பண்ணி அவிய கொஞ்சம் தாராளமாவே போட்டாவ. மொதல்ல கிள்ளிப் போட்டோம். பெறவு ஒரு கை. சின்ன வேண்டுதலுக்கு ஒரு கைன்னா பெரிய வேண்டுதலுக்குக் கூட வேணாமா, சொளவுல அள்ளிக் கொண்டு வந்தாவ. அவ்வளவு உப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்காதிய. உப்பு ஊர்ல உப்புக்குப் பஞ்சமா. கை எங்க நீண்டுச்சோ அங்க அள்ளுனோம், கதையக் கெடுக்காம கேளுங்க.

சொல்லணும்னா ராஜகனி ஒருத்திதான் போடல. அவகிட்டக் கரைக்கதுக்கு ஒண்ணும் இல்ல, சேக்கதுக்குத்தான் இருந்துச்சு.

மொத நாளு அளந்து, நொடிக்கு எட்டுக் கொடம்னு சொன்னா பியூலா. எங்களுக்குப் புரியணும்னு லிட்டர கொடத்துல மாத்திச் சொல்லுவா. மறுபடி அளந்தா ஏழுன்னு வந்துச்சு. பெறவு அதுக்கும் கீழ. பாத்தா தண்ணி தொடைக்கு ஏறி நிக்கி, மிசினு சொல்ற கொடக் கணக்கு மட்டும் எறங்கிக்கிட்டே போவுது. அவ மிசினத் தட்டிப் பாத்தா, பேட்டரிய மாத்திப் பாத்தா, மிசின வெயில்ல வச்சுப் பாத்தா, நிழல்ல வச்சுப் பாத்தா. சோறு எறங்கல. அங்க பனிக்காத்துல வெரலு மரத்துப்போயி அளந்தபோது கூட இப்படி மொகம் வாடி இருக்காது.

ஒரு நாளு நேரா டீக்கடைக்கு வந்தா. ஊர் ஆம்பளைங்க பூரா அங்க இருக்கோம், பொம்பளைங்க எதுத்தாப்புல குழாயடியில. எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்துட்டு, ஏசுற மாதிரி இல்ல, கெஞ்சுற மாதிரியும் இல்ல, வீட்டுப் பிள்ள கேக்குற மாதிரி கேட்டா.

"அண்ணாச்சி, நான் அளக்கும்போது மேல யாராச்சும் தண்ணியில உப்பு போடுதியளா? போட்டிருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டேன். போட்டோம்னு சொன்னா மட்டும் போதும், அதுக்குத் தக்கன கணக்க மாத்திக்கிடுவேன்."

இப்பவும் எனக்கு அந்த எடத்துல கொஞ்சம் மூச்சு வாங்கும், இருங்க. ஒவ்வொருத்தனும் தன்ன மட்டுந்தான் கேக்கான்னு நெனச்சோம். நம்ம ஒரு கை உப்புல என்ன ஆயிரப் போவுது, நாமதான்னு வெளிய தெரிஞ்சா வேண்டுதலும் போச்சு, மானமும் போச்சு, உப்பு எங்க எடுத்தேன்னு அடுத்த கேள்வி வரும். ஆளாளுக்கு டீ கிளாசுக்குள்ள எட்டிப் பாத்தோம். லிங்கத்துரை அண்ணாச்சிதான் தொண்டையக் கனைச்சாவ. முன்னப் போயி, பின்ன வந்து, முன்னப் போயி.

"உப்பா? உப்பு வெளையிற ஊர்க்காரன் எவனாச்சும் தண்ணியில உப்பக் கொட்டுவானா தாயி?"

அவ்வளவுதான், எல்லாரும் சிரிச்சுட்டோம். நல்ல சிரிப்பு, வயித்தப் பிடிச்சுக்கிட்டு. பியூலாவும் சிரிச்சா. அவளுக்கு அப்பாடான்னு ஆயிப் போச்சு. சொந்த ஊரச் சந்தேகப்பட்டுக் கேட்டோமேன்னு ஒரு வெக்கத்தோட, தலையில கையால தட்டிக்கிட்டு, எனக்கு ஒரு டீ போடுங்க மாமான்னு சொல்லி பெஞ்சுல எங்க கூட உக்காந்தா. நாங்க நகந்து எடம் விட்டோம்.

அன்னைக்கே கரைக்கு அளவு சொல்லிட்டா. மிசினு சொன்ன அளவு. ராஜகனி மட்டும், தண்ணியப் பாத்தா எனக்கு அப்படித் தெரியலயே, இன்னும் ஒரு மொழம் ஏத்துவோமான்னு கேட்டா. அதுக்கு இவ சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, மறக்க ஆசைப்படுறவியளுக்கும்.

"கண்ணு ஏமாத்தும் சித்தி. உப்பு ஏமாத்தாது."

ஊரே சேந்து கரை போட்டோம். அதையும் சொல்லணும். மண்வெட்டி எடுக்காத கையி இல்ல. லிங்கத்துரை அண்ணாச்சி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மண்ணு சொமந்தாவ. ராஜகனி எல்லாருக்கும் கூழு ஊத்துனா, எங்க மொகத்த ஒவ்வொண்ணாப் பாத்து, என் பிள்ளைக்கும் எனக்கும் இந்த ஊரு போதும்னு சொன்னா. உப்புக் கரிச்சுச்சு அந்தக் கூழு. குடிச்சோம். அதுக்கு நடுவுல, அடுத்த ஊரு சொள்ளமுத்து, அம்பாரத்துக்கு ஓல வேயுறவரு, ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்க வர்ற வழக்கம்போல சைக்கிள்ல ஓலக்கட்டோட வந்து, ராஜகனி அம்பாரத்தச் சுத்தி நடந்து, தொய்ஞ்சு கெடந்த ஓலைய ஒண்ணு ரெண்டு எடத்துல தொட்டுப் பாத்து, இழுத்துக் கட்டி, எங்க எல்லாரையும் ஒரு மாதிரி பாத்துட்டு, ஒண்ணும் பேசாமப் போயிட்டாரு. அவரு பேசுற ஆளே கிடையாது. ஓலையும் சைக்கிளும்தான்.

கரை போட்ட மறுநாளு வெயிலு கொஞ்சம் கூடுதல். உச்சி சாஞ்ச நேரம், இரைச்சல் கேட்டு எல்லாரும் ஓடுனோம். ஓடை கரை விளிம்புக்கு வந்து நிக்கி. பியூலா இடுப்பளவு தண்ணியில நின்னு, ரெண்டு கையாலயும் மண்ண அள்ளி அள்ளிக் கரை மேல வைக்கா, அவ வைக்கிறதுக்குள்ள தண்ணி அத நக்கிட்டுப் போவுது. ஓடைக்குக் கோவம் ஒண்ணும் இல்ல, அதச் சொல்லிரணும். வீட்டுக்கு வந்த விருந்தாளி தெரியாமச் சொம்பத் தட்டி விட்ட மாதிரி, மெதுவா, சங்கடத்தோட, கரைய ஒரு எடத்துல தாண்டுச்சு. பெறவு கரையே இல்ல. பாத்தி பூரா ஒரே நிமிசத்துல கண்ணாடியாச்சு. தண்ணி மேட்டுல ஏறி அம்பாரத்தத் தொட்டுச்சு. தொட்டதுதான் தாமசம், ஓல வேய்ஞ்சபடி கம்பீரமா நின்ன அம்பாரம், ஏழு நாளு நின்னுக்கிட்டே இருந்த ஆளு பொத்துன்னு உக்காந்த மாதிரி உக்காந்துட்டு. ஓல மட்டும் தண்ணியில மெதந்து போச்சு. இவ்வளவு சீக்கிரம் கரையுமான்னு ஒருத்தரும் கேக்கல. ராஜகனி கையில உப்பு வாருற பலகையோட நின்னா. எத வாரன்னு தெரியாம நின்னா.

மறுநாளு காலையில வெயில் ஏறுச்சு. நிழற்குடை முன்னால நாங்க காத்துக்கெடந்தோம். சிமெண்டுத் தரை காஞ்சு கெடந்துச்சு. ஓடை வரல. அதுக்கு அடுத்த நாளும் வரல. ராஜகனி வாசல்ல நின்னு வந்துட்டியான்னு பழக்கத்துல கேட்டுட்டு உள்ள போயிட்டா.

ஐஸ் பேக்டரி கொட்டகையில கூட்டம் போட்டோம். கூட்டம் நாங்க போடல, பியூலா கூப்பிட்டா. எல்லாரும் பாயில உக்காந்தோம். ராஜகனி தூணு ஓரமா உக்காந்து, உள்ளங்கால் வெடிப்புல இருந்த உப்பக் கிள்ளிக் கிள்ளி, கீழ போடாம, மறு கையில சேத்துக்கிட்டு இருந்தா. வாசலுக்கு வெளிய சொள்ளமுத்து சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, அவரு ஓல மெதந்து போனதப் பத்தி விசாரிக்க வந்தவரு.

பியூலா எந்திரிச்சா. ரப்பர் பூட்ஸு இல்லாம அவ காலு ரொம்பச் சின்னதாத் தெரிஞ்சுச்சு. தப்பு பூரா என் பேர்லன்னு ஆரம்பிச்சா. மிசின நம்பி, கண்ண நம்பல. சித்தி சொன்னதக் கேக்கல. ஊரையே சந்தேகப்பட்டு டீக்கடையில வந்து ஒரு கேள்வி வேற கேட்டேன், அதுக்கும் மன்னிச்சிருங்கன்னு சொன்னா. அதச் சொல்லும்போது எங்க தலை எல்லாம் ஒரே நேரத்துல குனிஞ்சுச்சு, கோயில்ல மணி அடிச்ச மாதிரி.

"அடுத்த கோடைக்கும் அங்க வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்காவ. நான் போகல, இன்னைக்கே சொல்லிருவேன். சொந்த ஊரு ஓடைய அளக்கத் தெரியாதவ அங்க போயி அளந்து சொன்னா, அத நம்பி எத்தன பேரு கரை போடுவாவ."

சொல்லிட்டு எங்க எல்லாரையும் பாத்துக் கும்பிட்டா. கும்பிட்ட கைய எறக்கல. யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவோம்னு நிக்கா. என் பக்கத்துல இருந்தவன் பாயில ஒரு கோரைய உருவிக்கிட்டே இருந்தான். நானும் ஒண்ண உருவுனேன்.

கடைசியில லிங்கத்துரை அண்ணாச்சி எந்திரிச்சாவ. கல்லு கரைஞ்சு போயிருந்துச்சு அவியளுக்கு, ஸ்கேன்ல பாத்துட்டாவ, அது வேற. தொண்டையக் கனைச்சாவ. முன்னப் போயி, பின்ன வந்து. படிச்ச பிள்ள, நம்ம பிள்ள, தப்பு யாருக்கும் வரும், ஊரு சார்பா ஒன்ன மன்னிச்சுட்டோம் தாயின்னு சொன்னாவ. ரெண்டு பேரு கை தட்டுனாவ. தட்டுனதப் பாத்து இன்னும் கொஞ்சப் பேரு தட்டுனோம். பியூலா அழுதுக்கிட்டே தலைய ஆட்டி, நன்றி மாமான்னு சொன்னா. ராஜகனி, போதும் உக்காருட்டி, தண்ணிக்கு என்ன தெரியும், பாவம்னு சொல்லி, சேத்து வச்சிருந்த உப்ப முந்தியில முடிஞ்சா.

அப்பத்தான் வாசலுக்கு வெளிய சைக்கிள் ஸ்டாண்டு போடுற சத்தம் கேட்டுச்சு. சொள்ளமுத்து தலைய மட்டும் உள்ள நீட்டுனாரு. கைதட்டு எதுக்குன்னு அவருக்கு வெளங்கல. யாரையும் கொறை சொல்ற மொகம் இல்ல, தெரியாத ஊர்ல வழி கேக்குற மொகந்தான்.

"இந்தப் பிள்ள எதுக்கு மன்னிப்புக் கேக்குது? அது அளக்கும்போதெல்லாம் ஊரு மொத்தமும் மேல நின்னு உப்பக் கொட்டுனியளே. ராஜகனி அம்பாரத்துல ஓலையத் தூக்கித் தூக்கி நீங்க அள்ளிட்டுப் போனதப் பாத்து, சரி, இவிய ஊரு வழக்கம் போலன்னுல்லா நான் இருந்தேன். தண்ணி வந்து தொடும்போது அந்த ஓலைக்குள்ள கரைக்கதுக்கு என்னவே கெடந்துச்சு?"